என் ஒரு மாதம், குழந்தைக்கு ஒரு வேளை

1

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு டிரிப்ஸ் ஏறும். லீட்ஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றின் இரண்டாம் தளத்தில், சன்னலை ஒட்டிப் போட்டிருக்கும் சாய்வு நாற்காலி எனக்கென்றே ஆகிவிட்டது. காலையில் ஊசி ஏற்றினால் பிற்பகல் வரை அங்கேதான். புத்தகம் படிக்கலாம், தூங்கலாம், எதிரே இருப்பவர் தூங்குவதைப் பார்க்கலாம். இத்தனை ஆண்டுகளில் மூன்றையும் சலிக்கச் சலிக்கச் செய்துவிட்டேன்.

இந்த மாதம் நர்ஸ் புட்டிகளோடு ஒரு தாளும் கொண்டுவந்தார். இந்த நாட்டு மாடுகளுக்கு வந்த மூளை நோய் மனிதரையும் தொட்டுவிட்டது என்ற அச்சத்தால், என் மருந்துக்கு இனி இங்குள்ளவர்களின் இரத்தத்தை எடுப்பதில்லையாம். அமெரிக்காவிலிருந்து வரவழைக்கிறார்களாம். எனக்குச் சம்மதம் என்று கையெழுத்து வேண்டும். “சம்மதம் இல்லையென்றால்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். குடிவந்த நாள் முதல் நான் இங்கே போட்ட கையெழுத்துகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

துணைக்கு வந்திருந்த என் மகள் ரேவதி அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். பள்ளி இறுதியாண்டில் இருக்கிறாள். என்னோடு ஆங்கிலத்தில் பேசுவாள். நான் தமிழில் பதில் சொல்வேன். இருவருக்கும் இது பழகிவிட்டது. படித்து முடித்துவிட்டு, “அப்படியானால் கோதைக்குப் போனது இந்த ஊர்க்காரர்களின் இரத்தமா?” என்று கேட்டாள்.

கோதை என் தங்கை மகள். இராஜபாளையத்தில் இருக்கிறாள். ரேவதி அவளைப் பற்றிப் பேசியே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே இதை எழுதுகிறேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்காக என் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நோயை எதிர்க்கும் புரதங்களைப் பிறர் உடல் தானே செய்துகொள்கிறது. என் உடல் செய்வதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் சிறுமியாக இருந்தபோது ஓயாமல் இருமிக்கொண்டிருந்தேன். “பூஞ்சை உடம்பு” என்று சொல்லி விட்டுவிட்டார்கள். நூற்பாலைத் தொழில்நுட்பம் படிக்க வந்த கணவரோடு இங்கே வந்து, நுரையீரலில் திரும்பத் திரும்பச் சீழ் பிடித்த பிறகுதான் காரணம் தெரிந்தது. முதலில் தொடையில் ஊசி போட்டார்கள். அதன் வலியை எழுதுவதில் பயனில்லை. எண்பதுகளில் அதையே நரம்பு வழியாக ஏற்றும் முறை வந்தது. இம்யூனோகுளோபுலின் என்று பெயர். ஆயிரக்கணக்கானவர்கள் தந்த இரத்தத்தின் தெளிந்த நீரை ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அந்தப் புரதங்களை மட்டும் பிரித்தெடுப்பது.

எனக்கு அது சோறு போல. நிறுத்தினால் நோய், தொடர்ந்தால் வாழ்வு, அதில் ஐயமில்லை. இரத்தத் தட்டுகள் குறைந்த குழந்தைகளுக்கும், திடீரென்று கைகால் செயலற்றுப்போகிற ஒருவகை வாதத்துக்கும் பயன்படுகிறது என்று பின்னர் ஆய்ந்து கண்டார்கள். இன்னும் எத்தனையோ நோய்களுக்கு, வேறு வழி தெரியாத இடத்தில், சான்று அரைகுறையாக இருக்கும்போதே ஏற்றிப் பார்க்கிறார்கள். என் மருத்துவர் ஒருமுறை சொன்னார்: “விலை கூடக்கூட மருந்தின் மேல் நம்பிக்கையும் கூடிவிடுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை.” விலை என்னவென்று மருந்தாளரிடம் கேட்டேன். என் ஓராண்டு மருந்துக்கு ஒரு சிறிய கார் வாங்கலாம் என்றார். இங்கே அரசு தருகிறது. ஊரிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்ற கணக்கை நான் போட்டுப் பார்ப்பதில்லை.

3

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதம், ரேவதியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அவளுக்கு அப்போது பத்து வயதிருக்கும். பள்ளி விடுமுறை முழுவதும் தங்கி, ஆடிப்பூரத் தேரை அவளுக்குக் காட்ட வேண்டும் என்பது திட்டம். நடுவில் ஒரு மாத மருந்து தவறும் என்பதால், மிகுந்த தயக்கத்தோடு, ஒரே ஒரு வேளைக்கான புட்டிகளை ஐஸ் பெட்டியில் வைத்து மருத்துவமனையில் தந்தார்கள்.

சென்னை விமான நிலையத்துச் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் அதிகாரியிடம் தமிழில் பேசுகிற மகிழ்ச்சியில், “மனித இரத்தத்தில் செய்தது” என்று சொல்லிவிட்டேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். பிறகு ஒருவர் மாற்றி ஒருவராக மூன்று மேசைகள். ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது என்று நான் சொல்வதை எவரும் கேட்கவில்லை. கடைசி மேசைக்காரர் மட்டும், “மொதல்லயே மருந்துன்னு சொல்லியிருக்கலாமேம்மா” என்று சலித்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

அப்பா வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது. நான் அனுப்பிய பணத்தில் வாங்கியது. எங்கள் குடும்பம் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் குடும்பம். விடியற்காலை மாலைக்கான பூவை அப்பா முதல் நாள் மாலையே ஈரத்துணியில் சுற்றி அதில் வைத்துவிடுவார். சாமிக்குப் போகும் பூவை முகரக்கூடாது, மூச்சுக்கூடப் படக்கூடாது என்று எங்களை வளர்த்தவர். என் பெட்டியில் இருப்பது என்னவென்று தெரிந்ததும் வாசலுக்கே வந்துவிட்டார்.

“நீ உள்ள வா தாயி. அது வேண்டாம். பூவும் ரத்தமும் ஒரு பெட்டிக்குள்ள எப்பிடி இருக்கும்?”

“அப்ப நம்ம ஒடம்புல ஓடுறதெல்லாம் என்னதுப்பா?” என்றேன்.

“அது உள்ள இருக்குல்லா. பெருமாள் பாத்து வச்சது.”

கோபமில்லை அவர் குரலில். மாட்டேன் என்று சொல்லவேண்டி வந்ததில் சோர்வுதான் இருந்தது. நான் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு அருகில் குளிர்பானக் கடை வைத்திருந்த காதர் பாயிடம் போனேன். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மூத்தவர். எதுவும் கேட்காமல் ரோஸ் மில்க் பாட்டில்களை ஒதுக்கி இடம் செய்தார்.

“ஐஸ் உறையுற தட்டுல வைக்கக்கூடாது பாய். உறைஞ்சா வீணாப் போயிரும்.”

“நடுத்தட்டுல வச்சிருக்கேன்ம்மா. கரண்டு போனா சாக்கு நனைச்சுப் போடுதேன். கவலையை விடுங்க.”

அங்கே சோடா குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப்பார்த்து, “பாய், அது என்ன ஃபாரின் சரக்கா? ஒரு மடக்கு கிடைக்குமா?” என்றார்.

“கிடைக்கும். ஒம் வீட்டுப் பத்திரத்தை எடுத்துட்டு வா.”

4

தங்கை சாந்தாவைப் பார்க்க இராஜபாளையம் போனபோது வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அவள் கணவரின் அக்கா பேச்சியம்மாள் மதினி நிலைப்படியில் குறுக்கே வந்து நின்றார். கட்டியவனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, வீட்டை ஒட்டிய கொட்டகையில் தறி போட்டு, காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி ஓட்டுகிறவர். அந்த வீட்டில் அவர் சொல்லை யாரும் தாண்டுவதில்லை.

“ஏட்டி லண்டன்காரி, அங்ஙனயே நில்லு.”

“குளிச்சிட்டுத்தான் மதினி வந்தேன்.”

“குளிச்சா மட்டும்? பஸ்ஸுல எம்புட்டுப் பேரை இடிச்சிட்டு வந்தியோ. வீட்டுல அம்மா வந்திருக்கா. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துற மட்டும் ஒருத்தரும் உள்ள வரக்கூடாது.”

அம்மை கண்ட வீட்டுக்கு எங்கள் பக்கத்து விதி இதுதான். மாரியம்மனே வந்து தங்கியிருப்பதாக எண்ணம். வெளியாள் கூடாது, தாளிப்பு கூடாது, மருந்து கூடவே கூடாது. வேம்பு போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றி அவளை வழியனுப்பிய பிறகுதான் மற்றதெல்லாம். என் மருத்துவரும் அம்மை வீட்டுக்குள் போகாதே என்றுதான் எச்சரித்து அனுப்பியிருந்தார். இரண்டு பக்கத்துச் சட்டமும் என்னை ஒரே நிலைப்படியில் நிறுத்தின.

சாந்தா குழந்தையைத் தோளில் போட்டபடி நடுக்கூடத்தில் நின்றாள். கோதைக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. காய்ச்சல் ஒரு வாரமாக விடவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன. ஆனால் பீளை இல்லை. உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. கையும் காலும் வீங்கிப் பளபளத்தன. உடம்பெல்லாம் செந்தடிப்பு.

“அம்மை முத்து ஒண்ணும் காணலியே மதினி?”

“எல்லாருக்கும் முத்தா போடும்? இது தட்டம்மை.”

“இருமல், சளி?”

“இல்லக்கா” என்றாள் சாந்தா உள்ளிருந்து. “ஒண்ணுமே கேக்க மாட்டேங்கா. தண்ணி கூட.”

மாதந்தோறும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள் சுவரில் ஒட்டியிருப்பதையெல்லாம் படித்துவிடுகிறாள். என் மருந்து எந்தெந்த நோய்களுக்கு உதவும் என்று அச்சிட்ட தாளில் கவாசாக்கி நோய் என்று ஒன்று இருந்தது. சிறு குழந்தைகளுக்கு வருவது. அதன் அடையாளங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அந்த வரிசை அப்போது என் தங்கையின் தோளில் கிடந்தது.

5

இராஜபாளையத்தில் குழந்தைகள் மருத்துவர் ஒருவர் இருந்தார், இளம்பெண். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னுடனேயே வந்தார். மதினி அவரையும் உள்ளே விடவில்லை. “பாக்கணும்னா பாரு, தொடாத” என்றார். சாந்தா குழந்தையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

“புத்தகத்துல படிச்சிருக்கேன்க்கா. நேர்ல பாத்ததில்ல. ஆனா வேற எதுவும் எனக்குத் தோணல. இது இதயத்துக்குப் போற ரத்தக் குழாயைப் புடைக்க வச்சிரும். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளைக்குள்ள மருந்து ஏத்தணும். மதுரையில ஏத்தலாம், எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காங்க. மருந்துதான்…” என்று நிறுத்தினார். மெட்ராஸில் சொல்லி வரவழைக்க வேண்டும், வர நாளாகும், விலையோ, மில்லில் வேலை பார்க்கும் சாந்தாவின் கணவர் ஓராண்டு முழுக்க வாங்கும் சம்பளத்துக்கும் மேல்.

“எங்கிட்ட இருக்கு” என்றேன். புட்டிகளின் அளவைச் சொன்னேன்.

அவர் குழந்தையின் எடையைக் கேட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்த நோய்க்கு எடைக்கு எடை பார்த்தால் எனக்குத் தருவதைவிடப் பல மடங்கு தர வேண்டும். குழந்தையோ சின்னது.

“உங்களுக்கு ஒரு மாசம். இவளுக்கு ஒரு வேளை. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. நீங்க என்ன செய்வீங்க?”

“லீட்ஸுக்கே திரும்பிப் போயிருவேன்.”

சாந்தா கேட்டாள்: “ஏத்துனா சரியாயிருமாக்கா?”

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஏத்தாட்டியும் நாலு பிள்ளையில மூணு தப்பிச்சிரும்னுதான் படிச்சிருக்கேன்.”

“பொறவு எதுக்கு?” என்றார் மதினி.

“நம்ம பிள்ளை அந்த நாலாவது பிள்ளையா இருந்தா?”

மதினி உள்ளே போய்க் கைகால் கழுவிவிட்டு வந்தார். “நீயும் சொல்லாண்டாம், நானும் சொல்லாண்டாம். அம்மாகிட்டயே கேப்போம். ஒம் மகளைக் கூட்டிக்கிட்டு வா.”

6

பூக்கட்டிப் பார்ப்பது என்றால் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். ஆனாலும் ரேவதி போன்றவர்களுக்காக எழுதிவைக்கிறேன். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒன்றுபோல் வாழையிலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

தெருக்கோடி மாரியம்மன் கோயிலில் நாங்கள் மூவர். மதினி கொண்டுவந்திருந்த செவ்வரளியையும் நந்தியாவட்டையையும் மடித்துப் போட்டார். “தாயே, மருந்து குடுக்கலாமா?” என்று உரக்கக் கேட்டார். ரேவதி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

மடத்தனம் என்று கத்தியிருக்கலாம். ஆனால் இந்த மருந்து இந்த நோய்க்கு வேலை செய்கிறது என்று உலகம் அறிந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். எண்பதுகளில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நோயுற்ற குழந்தைகளைத் திருவுளச்சீட்டுப் போல் பிரித்து, ஒரு பாதிக்கு இதையும் சேர்த்து, மறுபாதிக்கு இது இல்லாமல் சிகிச்சை தந்து பார்த்தார்கள். எந்தக் குழந்தை எந்தப் பாதியில் என்பதை அங்கேயும் ஒரு குருட்டுக் கைதான் எடுத்தது. சிவப்பு வந்த பிள்ளைகளின் பெற்றோரும் எங்கோ இப்படி நின்றிருப்பார்கள்.

மதினி அந்த அரளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார்.

“நான் கேள்வியைத் தப்பாக் கேட்டுட்டேன். வந்தவளை வச்சுக்கிட்டு மருந்து குடுக்கவான்னு கேட்டா எந்தப் பொம்பளைக்குத்தான் கோவம் வராது? இன்னைக்கே தலைக்குத் தண்ணி ஊத்தி ஒன்னை வழியனுப்பலாமான்னுதான் கேட்டிருக்கணும்.” என்னிடம் திரும்பி, “நந்தியாவட்டை தீந்துபோச்சு, இரு” என்று சொல்லி, வாசலில் இருந்த பூக்காரியிடம் மல்லிகை வாங்கி வந்து மறுபடி மடித்தார். புதுக் கேள்வியைக் கேட்டார்.

ரேவதி இந்த முறை அவசரப்படவில்லை. இரண்டு பொட்டலங்களின் மேலும் குனிந்து நின்று, ஒன்றை எடுத்தாள்.

வெள்ளை.

விஞ்ஞானத்தில் சீட்டை இரண்டாம் முறை எடுக்க விடமாட்டார்கள். நான் கார் பிடிக்கப் போனேன்.

7

அன்றே வேப்பந்தண்ணீர் ஊற்றினார்கள். ஈரத்தலையோடு கோதையை மதுரைக்குக் கொண்டுபோனோம். காதர் பாய் புட்டிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, தானே மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தார். மருந்து மிக மெதுவாக, பகல் முழுவதும் ஏறியது. என் நாற்காலியில் சலிப்போடு எண்ணிக்கொண்டிருக்கும் அதே சொட்டுகள். மறுநாள் காய்ச்சல் விட்டது. கோதை இட்லி கேட்டாள். பாதியைச் சாந்தாவின் சேலையில் துப்பினாள். பிறகு எடுத்த ஸ்கேனில் இதயக் குழாய்கள் புடைக்கவில்லை. விரல் நுனியெல்லாம் தோலுரிந்தபோதுதான் இது அந்த நோயேதான் என்று டாக்டருக்கு ஐயம் தீர்ந்தது.

மருந்தால் பிழைத்தாளா, தப்பியிருக்கக்கூடிய மூவரில் ஒருத்தியா? ஆயிரம் குழந்தைகளைப் பற்றிச் சொல்ல முடிகிற ஆய்வு, ஒரு குழந்தையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மதினி இதற்கெல்லாம் நிற்கவில்லை. மாவிளக்குப் போட்டார்.

“எவிய எவிய ரத்தமோ எம் பிள்ளை ஒடம்புல ஓடுது. பேர் தெரியல, சாதி தெரியல. அம்புட்டுப் பேருக்கும் சேத்து ஒரு விளக்கு” என்றார்.

நான் சொன்னபடி திரும்பினேன். தேருக்கு இன்னும் நாள் இருந்தது. விமானத்தில் எனக்கு இருமல் தொடங்கிவிட்டது. இங்கே மருத்துவரிடம் உள்ளதைச் சொன்னேன். இனி வெளியே எடுத்துப்போக மருந்து தருவதற்கில்லை என்றார், நியாயம்தான். அதன் பிறகு ஊருக்குப் போவதென்றால் இரண்டு செவ்வாய்க்கிழமைகளுக்கு நடுவில், விருந்தாளிபோல். அப்பா போனபோதும் அப்படித்தான். ரேவதி அதற்குக்கூட வரவில்லை. தேர்வு என்றாள். தேரைப் பார்க்காமலே வளர்ந்துவிட்டாள்.

8

தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அமெரிக்கர்களின் சொட்டு இறங்கத் தொடங்கியது. ரேவதி சன்னலைப் பார்த்தபடி, “உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்” என்றாள். “அந்தக் கோயிலில், இரண்டாவது தடவை, நான் முகர்ந்து பார்த்தேன். மல்லிகை எதில் என்று எனக்குத் தெரியும். தாத்தா முகரவே கூடாது என்று சொல்லியிருந்தார். கோதைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னால்தான் என்று பயந்துகொண்டே இருந்தேன். அதனால்தான் அங்கே வரப் பிடிக்கவில்லை.”

ஊர் அவளுக்குச் சலித்துவிட்டது என்று நான் இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தேன். ஊசி ஏறாத கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்ததும் இராஜபாளையத்துக்குப் போன் போட்டேன். மதினிதான் எடுத்தார். கோதை பள்ளிக்கூடம் போயிருக்கிறாளாம், வாய் கூடிப்போச்சாம். என் மருந்து இனி அமெரிக்காவிலிருந்து வருகிறது என்றேன். “அப்ப இந்த ஆடிக்கு அவியளுக்கும் சேத்து மாவிளக்குக்கு மாவு இடிக்கணும்” என்றார்.

பிறகு ரேவதி சொன்னதைச் சொன்னேன். அம்மன் காரியத்தில் பிள்ளை பொய் செய்துவிட்டாள் என்று கோபப்படுவார், அதை அவளுக்குப் பதில் நான் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன். மதினி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“ஏட்டி, நந்தியாவட்டை எங்க தீந்துச்சு? எம் மடி நெறைய இருந்துச்சு. அதுல வாசம் கிடையாதுல்லா. பூக்கட்டுத வீட்டுப் பிள்ளை, மல்லி போட்டா மோந்து எடுத்துருவான்னுதான் அதை வாங்கியாந்து வச்சேன். பிள்ளையைப் பயப்படாண்டாம்னு சொல்லு.”